நம்மில் ஒருவர்

எனக்குப் பாட்டு வராது. இதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் உங்களிடம் யாராவது ஒருவர் இதைச் சொல்லத்தான் போகிறார், சொல்லிவிட்டு உங்களை ஒரு மாதிரி பார்க்கவும் போகிறார். ஆசிரியர்களின் பாடற்குழுவில் நான் கடைசி வரிசை. பாட்டு டீச்சர் ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அண்ணா, தப்பா நினைக்காதீங்க. நீங்க உதட்டை மட்டும் அசைங்க, போதும். உங்க முகம் ரொம்ப பக்தியா இருக்கு, அது வேணும்" என்றார். நான் சிரித்தேன். நியாயமான கோரிக்கைதான். என் குரல் எழும்பும்போது முன்வரிசையில் நிற்பவர்கள் என்னவோ விழுந்துவிட்டதுபோலத் திரும்பிப் பார்ப்பதை நானே கவனித்திருக்கிறேன். அதற்கும் பிறகு நடந்ததற்கும் சம்பந்தம் இல்லை என்று இந்த இடத்திலேயே எழுதி வைக்கிறேன்.

நிர்வாகக் குழுவினராகிய நீங்கள் மூன்று பேரும் என்னிடம் கேட்டது ஒரே ஒரு வரி. பாட்டு டீச்சர் வேறு ஊரில் ஒரு பள்ளியில் வேலைக்கு மனுப் போட்டிருக்கிறார். அவர் நடத்தை எப்படி என்று அந்தப் பள்ளி உங்களுக்கு எழுதிக் கேட்டிருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் பதில் போகாவிட்டால் அந்த வேலை வேறொருவருக்குப் போய்விடும். அவர் எங்கள் திங்கட்கிழமைக் கூட்டத்தில் எழுந்து நின்று ஒப்புக்கொண்ட தவறு என்ன என்று ஒவ்வொருவரையும் கூப்பிட்டுக் கேட்டீர்கள். எல்லாரும் தெரியாது என்றார்கள், ஆனால் ஆமென் சாருக்குத் தெரியும் என்றார்கள். ஆமென் சார் நான்தான். பிள்ளைகள் வைத்த பெயர், பெரியவர்களும் எடுத்துக்கொண்டார்கள்.

நான் எழுத உட்கார்ந்தபோது என் மனைவி மேசை மேலிருந்த தாள்கட்டைப் பார்த்தாள். "ஒரு வரி கேட்டாங்கன்னா ஒரு வரி எழுதிக் கொடுத்துட்டு வாங்க. உங்களுக்கு அது மட்டும் வராது" என்றாள். அவள் சொன்னதுபோலவே ஆகிவிட்டது. ஆனால் அந்த ஒரு வரி உங்களுக்குப் புரிய வேண்டுமானால் மற்றதெல்லாம் தெரிய வேண்டும்.

எங்களுடையது ஆயத்தப் பள்ளி. ஆறு வயதில் வரும் பிள்ளைகளைப் பன்னிரண்டு வயதில் பெரிய பள்ளிகளின் நுழைவுத் தேர்வுக்குத் தயார்செய்து அனுப்புவோம். தேர்வெல்லாம் எங்களுக்கு இரண்டாம்பட்சம், நற்பண்புதான் முக்கியம் என்று பெற்றோர்களிடம் சொல்வோம். அவர்கள் அதை நம்பாமல் சேர்ப்பார்கள். நுழைவு மண்டபத்துச் சுவரில் அன்பு, உண்மை, பணிவு, ஐக்கியம் என்று நான்கு சொற்கள் பெரிதாக எழுதியிருக்கும். பெயின்டருக்கு ஏணி பிடித்தவன் நான். கடைசியில் ஐக்கியத்துக்கு இடம் போதவில்லை. உண்மையைக் கொஞ்சம் ஒடுக்கி எழுதுங்கள் என்று சொன்னதும் நான்தான். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது, அப்போது வரவில்லை.

வேதபாடம் எடுப்பதோடு எனக்கு இன்னொரு பொறுப்பு உண்டு. திங்கட்கிழமை முதல் மணி அடிக்கும் முன் நூலகத்தில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு எல்லாரும் உட்காருவோம். என்னையும் சேர்த்து இருபத்தாறு பேர். ஒவ்வொரு நாற்காலியிலும் ஒரு தாள் இருக்கும். அந்த வாரம் யாருக்காக, எதற்காக ஜெபிக்க வேண்டும் என்ற குறிப்புகள் அதில் இருக்கும். குறிப்புகளை வாங்குவது, வார்த்தைகளைச் சரிசெய்வது, தட்டச்சு செய்து நகல் எடுப்பது, கடைசியில் எல்லாவற்றையும் சேர்த்து ஜெபிப்பது எல்லாம் நான். என் ஜெபம் நீளும். காலை வழிபாட்டில் பிள்ளைகள் கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரம் குறிப்பார்கள் என்று தெரியும். பதினொரு நிமிடம் என் சாதனை. நான் ஆமென் சொன்னதும் மண்டபம் முழுவதும் எழும் பெருமூச்சை ரொம்ப காலம் பக்தி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தத் தாளுக்கு இரண்டு விதிகள். இரண்டையும் வகுத்தவன் நான். வெளியே சொல்ல முடியாத கஷ்டமாக இருந்தால் பெயரைப் போடாமல் 'நம்மில் ஒருவர்' என்று போட வேண்டும். அடுத்தது, ஜெபக் குறிப்பைப் பற்றி யாரும் கேள்வி கேட்கக் கூடாது, பிறகு அதைப் பேசவும் கூடாது. பேசினால் வம்பு ஆகிவிடும். நாங்கள் வம்பு பேசுகிறவர்கள் இல்லை. வம்பு பேசுகிறவர்களுக்கும் எங்களுக்கும் இருந்த வித்தியாசம், நாங்கள் கண்ணை மூடிக்கொண்டு பேசினோம்.

வார்டன் அம்மாவுக்குச் சிறுநீரகத்தில் கல் வந்த வருஷம் எங்கள் பள்ளியின் பொற்காலம். அதே வருஷம் விளையாட்டு ஆசிரியர் வண்டியிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டார். நூலகரின் மாமியாருக்குக் கண்ணில் புரை வளர்ந்து பார்வை போயிற்று. வட்டத்தில் எனக்குப் பக்கத்தில் இடம் பிடிக்க அரை மணி முன்னதாகவே வந்து உட்கார்ந்தார்கள். ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டோம். தாழ்வாரத்தில் போகிற வருகிறவர்களெல்லாம் என் முழங்கையைத் தொட்டு நிறுத்தி, "சார், வார்டனுக்கு இப்ப எப்படி இருக்கு?" என்பார்கள். எனக்குத் தெரிந்திருக்கும். சில விஷயங்கள் வார்டனுக்குத் தெரியும் முன்பே எனக்குத் தெரிந்திருந்தன. நான் சந்தோஷமாக இருந்தேன். ஒருவருடைய சிறுநீரகக் கல்லினால் இன்னொருவர் இவ்வளவு சந்தோஷமாக இருக்க முடியும் என்று எந்த வைத்தியரும் சொல்லியிருக்க மாட்டார்.

பிறகு எல்லாரும் குணமாகிவிட்டார்கள். கல் கரைந்தது, கால் கூடியது, மாமியார் அறுவை சிகிச்சை முடிந்து கண்ணாடி போட்டுக்கொண்டு மருமகளின் குறைகளை மறுபடியும் பார்க்க ஆரம்பித்தார். அடுத்த வருஷம் முழுக்க ஒரு தும்மல்கூடக் கிடையாது. தாளில் போட ஒன்றும் இல்லாமல் நகல் இயந்திரத்துக்காக ஜெபித்தோம். மழைக்காக ஜெபித்தோம், அது வந்து மைதானத்தில் தேங்கியதும் அது வடிவதற்காக ஜெபித்தோம். நாற்காலிகளில் பாதிக்குமேல் காலியாகக் கிடந்தன. வந்தவர்களும் தாளுக்குள் விடைத்தாளை வைத்துத் திருத்திக்கொண்டிருந்தார்கள். தாழ்வாரத்தில் என் முழங்கை சும்மா இருந்தது.

பிரின்சிபல் கூப்பிட்டார். கணக்கு டீச்சராக இருந்து மேலே வந்தவர், எதையும் கூட்டிக் கழித்துப் பார்த்துத்தான் பேசுவார்.

"சார், இது வாராவாரம் வேணுமா? மாசத்துக்கு ஒரு தடவை வச்சுக்கலாமே. உங்களுக்கும் சிரமம் குறையும். பாட்டு டீச்சர் ரெண்டு பாட்டுச் சொல்லிக் குடுக்கட்டும், எல்லாருக்கும் உற்சாகமா இருக்கும்."

"நல்ல யோசனை மேடம்" என்றேன். என் முகம் பக்தியாக இருந்திருக்கும், அது எப்போதும் அப்படித்தான்.

அந்த வாரம் தாளில் மூன்று குறிப்புகள் இருந்தன. தேர்வு, தண்ணீர்க் குழாய், வார்டனின் அக்கா மகளுக்கு வரன். நான்காவதாக நான் ஒன்று சேர்த்தேன். 'நம்மில் ஒருவர் யாரிடமும் சொல்ல முடியாத ஒரு பாரத்தைச் சுமந்துகொண்டிருக்கிறார். அவருக்காக.' அவ்வளவுதான். ஒரு சின்ன வாக்கியம்.

அந்த ஒருவர் யார் என்பதுதான் இப்போது உங்கள் கேள்வியாக இருக்கும். யாரும் இல்லை. நான் யாரையும் மனதில் வைத்து எழுதவில்லை. ஆனால் அதைப் பொய் என்று சொல்லிவிடாதீர்கள். இருபத்தாறு பேர் கூடி உட்கார்ந்திருக்கும் ஓர் அறையில் ஒருவருக்காவது வெளியே சொல்ல முடியாத கஷ்டம் இருக்காதா? நான் எழுதியது எந்த அறைக்கும் பொருந்தும். பொதுவாக உண்மையான ஒன்றைத்தான் எழுதினேன் என்று என்னையே தேற்றிக்கொண்டு, நிம்மதியாக நகல் எடுத்தேன்.

அந்தத் திங்கட்கிழமை மாலைக்குள் மூன்று பேர் வந்தார்கள். முதலில் விளையாட்டு ஆசிரியர். பந்துகள் போட்டுவைக்கும் அறைக்கு என்னைக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். "சார், அது நான்தானே? உங்களுக்கு யாரு சொன்னா?" என்றார். யாருக்கும் தெரியாமல் வேறு பள்ளிக்கு மனுப் போட்டிருந்தாராம். "நீங்க இல்ல சார்" என்றேன். அவர் முகத்திலிருந்து ஒரு சுமை இறங்கியதைப் பார்க்க எனக்கு நிறைவாக இருந்தது. அடுத்தது நூலகர். மாமியாருக்குப் பார்வை திரும்பியதற்கு எல்லாரும் நன்றி சொல்லி ஜெபித்தபோது தனக்கு உள்ளுக்குள் நன்றியே வரவில்லை என்றார். "நீங்க இல்லம்மா" என்றேன். சமையலறை மேற்பார்வையாளர், பதினெட்டு வருஷமாக இந்த வட்டத்தில் தான் ஒரு வார்த்தைகூட ஜெபித்ததில்லை, சும்மா உதட்டை அசைத்துக்கொண்டிருந்ததாகச் சொல்லி அழுதார். அவரைத் தேற்றுவது எளிதாக இருந்தது. உதடு அசைப்பதில் எனக்கும் அனுபவம் உண்டு.

இரண்டு வாரத்தில் இருபத்துமூன்று பேர் வந்து போனார்கள். நான் எல்லாரிடமும் உண்மையைத்தான் சொன்னேன். நீங்கள் இல்லை, நீங்கள் இல்லை, நீங்களும் இல்லை. திங்கட்கிழமை ஒரு நாற்காலிகூடக் காலியில்லை. விடைத்தாள் திருத்துகிறவரும் இல்லை. மாதம் ஒருமுறை என்ற பேச்சைப் பிரின்சிபல் மறுபடி எடுக்கவே இல்லை.

விதியை யாரும் மீறவில்லை. குறிப்பைப் பற்றி யாரும் பேசவில்லை. "நான் இல்ல, சார்கிட்ட கேட்டுட்டேன்" என்று மட்டும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். அது தன்னைப் பற்றிப் பேசுவது, குறிப்பைப் பற்றிப் பேசுவது ஆகாது. இப்படி ஒவ்வொருவராகக் கரையேறினார்கள். ஏறியதும், தண்ணீரில் இன்னும் யார் நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தார்கள்.

பாட்டு டீச்சர் மட்டும் என்னிடம் வரவே இல்லை. அவருக்குக் கேட்க ஒன்றும் இல்லை, அதனால்தான் வரவில்லை. கப்பலில் வேலை செய்யும் கணவர் வருஷத்துக்கு ஒருமுறை வருவார், மகள் நான்காம் வகுப்பு, மீதி நேரமெல்லாம் பாட்டு. தாளைப் படிப்பார், கண்ணை மூடுவார், அந்த 'ஒருவருக்காக' மனதார ஜெபிப்பார், எழுந்து போவார். மனதில் ஒளிக்க ஒன்றும் இல்லாதவர்கள் இப்படித்தான் கவனக்குறைவாக இருந்துவிடுகிறார்கள்.

எல்லாருக்கும் கடைசியாகப் பிரின்சிபல் வந்தார். முதலில் தன்னைப் பற்றித்தான் கேட்டார். எதனால் அப்படிப் பயந்தார் என்பதை எழுத மாட்டேன், நான் ரகசியம் காப்பவன். "நீங்க இல்ல மேடம்" என்றேன். மூச்சை விட்டுவிட்டு, மேசைமேல் விரல்விட்டு எண்ணினார். கழித்தல் அவருக்குக் கைவந்த கலை.

"அப்போ பாட்டு டீச்சரா?"

இந்த இடத்தைக் கவனமாகப் படியுங்கள். நான் ஆமாம் என்று சொல்லவில்லை. கண்ணை மூடிக்கொண்டேன். நான் அடிக்கடி கண்ணை மூடுகிறவன், அதற்கு ஒரு அர்த்தம் கற்பித்துக்கொண்டது அவர்தான். "ஐயோ பாவம்" என்றார். "நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம் சார். உங்களால சொல்ல முடியாதுன்னு எனக்குத் தெரியும்." உண்மையிலேயே என்னால் சொல்ல முடியவில்லை. அவரும் இல்லை என்றால் அப்படி யாருமே இல்லை என்று ஆகும். அப்புறம் மிஞ்சுவது நான் ஒருவன்தான்.

எங்கள் பள்ளியில் அன்பு செய்தால் அரைகுறையாகச் செய்ய மாட்டோம். மறுநாளிலிருந்து பாட்டு டீச்சர் வீட்டு வாசலில் சாப்பாட்டுப் பாத்திரங்கள் வரிசையாக வந்து உட்கார்ந்தன. வார்டன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "நாங்க இருக்கோம்மா" என்றார். "எதுக்கு மேடம்?" என்று இவர் கேட்டார். "எதுக்கும்" என்றார் வார்டன். எனக்கு ஒன்றும் இல்லை, எனக்கு ஒன்றும் இல்லை என்று அவர் சொல்லச் சொல்ல, பாரம் எவ்வளவு பெரியதாக இருந்தால் இப்படி மறைப்பார் என்று எல்லாரும் உருகினார்கள். ஓய்வு வேண்டும் என்று காலை வழிபாட்டுப் பாட்டை அவரிடமிருந்து எடுத்தார்கள். அப்புறம் பிள்ளைகளின் பாடற்குழு, அப்புறம் ஆசிரியர்களின் குழு. இரண்டையும் விளையாட்டு ஆசிரியரிடம் கொடுத்தார்கள். அவர் விசிலை ஊதித் தாளம் போட்டார். அந்தக் குழுவில் நான் மறுபடியும் வாயைத் திறந்து பாடினேன். யாரும் தடுக்கவில்லை.

பிரின்சிபல் தன் காரிலேயே அவரை மருத்துவமனைக்கு அழைத்துப்போய்த் தலை முதல் கால் வரை பரிசோதனை செய்யவைத்தார். ஒன்றும் இல்லை என்று முடிவு வந்தது. வேறு எந்த இடத்திலும் அது நல்ல செய்தியாக இருந்திருக்கும். எங்கள் வட்டத்தில் எல்லார் முகமும் விழுந்துபோயிற்று. உடம்பில் இல்லையென்றால் பின்னே எங்கே? எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அடுத்த வாரத் தாளில் எதையாவது போட்டாக வேண்டியிருந்தது. 'மருத்துவர்களின் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கும் காயம் ஆறுவதற்காக' என்று எழுதினேன். வாக்கியம் நன்றாக அமைந்துவிட்டது என்று அன்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அதற்குமேல் நான் மெனக்கெட வேண்டியிருக்கவில்லை. பாட்டு டீச்சரின் கணவர் பதினோரு மாதம் கடலில் இருப்பது எல்லாருக்கும் திடீரென்று ஞாபகம் வந்தது. டீச்சர் எப்போதோ யாருடனோ வண்டியில் வந்து இறங்கியது ஞாபகம் வந்தது. சிரித்துப் பேசுகிறவர் என்பது ஞாபகம் வந்தது. யாரும் எதுவும் சொல்லவில்லை, "பாவம், சின்ன வயசு, தனியா இருக்கா" என்று மட்டும் சொன்னார்கள். ஒரு தாய் தன் மகளைப் பாட்டு வகுப்பிலிருந்து எடுத்துவிட்டார். மதியச் சாப்பாட்டில் பாட்டு டீச்சரின் மகள் பக்கத்தில் உட்கார ஆள் இல்லாமல் போயிற்று. பிள்ளைகள் கெட்டவர்கள் இல்லை. அவளிடம் ரொம்ப மென்மையாக நடந்துகொள்ள வேண்டும் என்று நாங்கள் சொல்லிக்கொடுத்திருந்தோம், அதனால் தள்ளி நின்றார்கள்.

ஒருநாள் வேதபாட வகுப்பில் அந்தப் பெண் கையைத் தூக்கினாள்.

"சார், எங்கம்மாவுக்கு என்ன சார்? அம்மாவுக்கே தெரியலயாம். உங்களுக்குத்தான் தெரியும்னு எல்லாரும் சொல்றாங்க."

"எல்லாரும் கண்ணை மூடுங்க, அம்மாவுக்காக ஜெபிக்கலாம்" என்றேன். எல்லாரும் மூடினார்கள். அவள் மூடவில்லை. எப்படித் தெரியும் என்றால், நானும் மூடவில்லை. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஜெபித்தேன், அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டே நிமிடத்தில் முடித்துவிட்டேன். எனக்கு வெட்கமாக இருந்தது. இதையும் குறித்துக்கொள்ளுங்கள். மாலை வரைக்கும் இருந்தது.

அன்று சாப்பிடும்போது என் மனைவி கேட்டாள். "அந்தத் தாள்ல நீங்க போட்டீங்களே, அது யாருங்க?"

"யாரும் இல்ல" என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. வாய் தவறி உண்மை வந்துவிட்டது.

அவள் கையில் எடுத்த சோற்றைத் தட்டிலேயே வைத்தாள். "அப்போ நாளைக்குப் போய்ச் சொல்லிடுங்க."

"சொல்லலாம். ஆனா எல்லாரும் மனசைத் திறந்து பேசி, இவ்வளவு ஒண்ணா இருக்கிற நேரத்துல அதைக் கலைக்கிறதா? ஐக்கியம்னு ஒண்ணு இருக்கே."

"என்னங்க பெரிய ஐக்கியம். ஒரு பொம்பளயச் சுத்தி நின்னு வேடிக்கை பாக்குறதுக்கு இருபத்தஞ்சு பேரு ஒண்ணாக் கூடியிருக்கீங்க."

அவள் படிக்காதவள் இல்லை, ஆனால் நிர்வாக விஷயங்களில் அவளுக்குப் பக்குவம் போதாது. அன்றிலிருந்து சாப்பாட்டுக்கு முன் என்னை ஜெபிக்கச் சொல்வதை நிறுத்திவிட்டாள். நான் கண்ணை மூடும்போதே சாப்பிட ஆரம்பித்துவிடுகிறாள்.

இரண்டு நாள் கழித்து, மாலையில் நான் நூலகத்தில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டுக்கொண்டிருந்தபோது பாட்டு டீச்சரே வந்தார். இளைத்துப்போயிருந்தார். அவ்வளவு சாப்பாடு வீட்டுக்கு வந்தும் இளைத்திருந்தார்.

"அண்ணா, அந்தத் தாள்ல இருக்கிறது நானா?"

ஒருவழியாகக் கேட்டுவிட்டார். மற்றவர்களுக்குச் சொன்ன அதே பதிலை இவருக்கும் சொன்னால் போதும். ஒரே வார்த்தை. நாக்கு நுனி வரைக்கும் வந்தது. நான் சொன்னது, "நீ என்னம்மா நினைக்கிற?"

"நினைச்சு நினைச்சுப் பாத்துட்டேன் அண்ணா. எனக்கு ஒண்ணும் தோணல. நமக்கே தெரியாம ஏதாவது செஞ்சிருப்போமோன்னு இப்பல்லாம் பயமா இருக்கு. பாப்பா ஸ்கூலுக்கு வரமாட்டேன்னு அழறா. நீங்க ஒரு வார்த்தை சொன்னா எல்லாரும் நம்புவாங்க. அது இவ இல்லன்னு மட்டும் சொல்லிடுங்க அண்ணா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"பாரத்தை இறக்கி வச்சிடும்மா" என்றேன். பழக்கம்.

"இறக்கி வச்சா விட்டுடுவாங்களா?"

"நம்ம வட்டத்துல மன்னிப்புக் கிடைக்காம யாரும் எழுந்து போனதில்ல" என்றேன். அதுவும் உண்மைதான்.

அவர் மீதி நாற்காலிகளை எடுத்து வட்டத்தில் போட எனக்கு உதவி செய்துவிட்டுப் போனார்.

அடுத்த திங்கட்கிழமை நான் ஜெபிக்க வாயெடுக்கும் முன் அவர் எழுந்து நின்றார். குரல் நடுங்கவில்லை. பாடுகிறவர்களுக்குக் குரல் கட்டுக்குள் இருக்கும். "நீங்க எல்லாரும் எதுக்காக ஜெபிக்கிறீங்களோ, அதைச் செஞ்சது நான்தான். என்னை மன்னிச்சிடுங்க. எம் பொண்ணை மட்டும் விட்டுடுங்க" என்றார். உட்கார்ந்துவிட்டார்.

எதைச் செய்தேன் என்று அவர் சொல்லவில்லை. அவருக்குத் தெரியாது. விதிப்படி யாரும் கேட்கவும் இல்லை. வார்டன் ஓடிவந்து கட்டிக்கொண்டார். விளையாட்டு ஆசிரியர் தேம்பினார். இருபத்தைந்து பேரும் எழுந்து அவரைச் சூழ்ந்து நின்று தலைமேல் கை வைத்தோம், கை எட்டாதவர்கள் முன்னால் நின்றவர்களின் தோளில் வைத்தார்கள். அவர் நடுவில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பதினான்கு நிமிடம் ஜெபித்தேன். அழுதேன், அது நடிப்பு இல்லை. நாங்கள் அவரை முழு மனதோடு மன்னித்தோம். நடத்தைத் தவறை ஒப்புக்கொண்ட ஆசிரியர் பணியில் நீடிக்கக் கூடாது என்று பள்ளியின் சட்டம் இருப்பதால், மன்னித்த கையோடு பத்து நாளில் பள்ளி கொடுத்த வீட்டைக் காலிசெய்யச் சொன்னோம். அன்று என் நாட்குறிப்பில் எழுதியதை அப்படியே தருகிறேன்: 'இத்தனை வருஷத்தில் இதுதான் சிறந்த கூட்டம்.'

இனி ஒளிக்க ஒன்றும் இல்லை. அப்படி ஒரு பாரம் இருந்ததில்லை. அதை நான் உண்டாக்கினேன், அது ஒருவர் தலையில் போய் விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன், விழுந்தபிறகு வாராவாரம் அதற்கு வார்த்தைகள் எழுதிக் கொடுத்தேன். நிறுத்த எனக்கு நாலு முறை வாய்ப்பு வந்தது. பிரின்சிபல் கேட்டார், அந்தக் குழந்தை கேட்டது, என் மனைவி கேட்டாள், அவரே வந்து கேட்டார். நாலு முறையும் எனக்கு அந்த வட்டம்தான் பெரிதாகத் தெரிந்தது. என்னை வேலையை விட்டு நீக்குங்கள், ஆலயத்தில் எல்லார் முன்னும் இதை வாசியுங்கள், நான் தடுக்க மாட்டேன். இதை எழுதி முடித்தபோது நெஞ்சு லேசாகிவிட்டது. பாரத்தை இறக்கி வைப்பதைப் பற்றி முப்பது வருஷமாக மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன், அது உண்மையிலேயே வேலை செய்கிறது என்பது எனக்கே இப்போதுதான் தெரிகிறது. நான் மாறிவிட்டேன் என்று தாழ்மையோடு சொல்லிக்கொள்கிறேன்.

இன்று வியாழக்கிழமை. இது உங்கள் கைக்கு வந்து, மூன்று பேரும் கூடிப் பேசி, பிரின்சிபலின் கையெழுத்துக்குப் போய்த் திரும்புவதற்குள் வெள்ளி தாண்டிவிடும். இனி ஒரு நஷ்டமும் பாட்டு டீச்சருக்கு என்னால் வரக் கூடாது. அதனால் பள்ளியின் கடிதத்தாளில் நானே பதில் எழுதி, நேற்றுக் காலையே அந்தப் பள்ளிக்கு ஆள் மூலம் நேராகச் சேர்ப்பித்துவிட்டேன். அது அவர்கள் கையில் கிடைத்துவிட்டதாகத் தகவலும் வந்துவிட்டது. நகலை இதனுடன் இணைத்திருக்கிறேன். இரண்டே வரி, என் மனைவி நம்பவே மாட்டாள்.

முதல் வரி நீங்கள் கேட்ட கேள்விக்கான பதில்: 'இவர் எங்கள் பள்ளியில் எந்தத் தவறும் செய்யவில்லை.' அது கொஞ்சம் வறட்டுத்தனமாகத் தோன்றியது. அங்கே இருப்பவர்களும் நம்மைப்போல விசுவாசிகள்தானே, அவரை அன்போடு பார்த்துக்கொள்ள வேண்டாமா? ஆகவே இரண்டாவது வரியை நான் சேர்த்தேன்: 'இங்கே நடந்ததை விவரிக்க நாங்கள் விரும்பவில்லை, இவரை உங்கள் ஜெபங்களில் விசேஷமாக நினைத்துக்கொள்ளுங்கள்.'